ஓட்டை அடைச்சாச்சு; அதன் பிறகு?

“ஓட்டை அடைச்சாச்சு.”

இருதயக் கோளாறோடு பிறந்த பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டுபோய், சத்திரசிகிச்சை முடித்து, யாழ்தேவி ரயிலில் திரும்பி வந்து இறங்கும் பெற்றோர் ஊருக்குச் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். சொன்ன கையோடு கோயிலுக்கு வைத்த நேர்த்தி நிறைவேறும். அம்மம்மாவின் முகம் பல மாதங்களுக்குப் பிறகு தெளியும். உதடும் நகமும் நீலம் பாரித்துக் கிடந்த குழந்தை ஓடி, விழுந்து, முழங்காலை உரசிக்கொண்டு வீறிட்டு அழுவதைக் கேட்பதே அந்த வீட்டுக்கு ஒரு திருவிழா.

அந்த நிம்மதி அவர்கள் பட்ட பாட்டுக்குக் கிடைத்த கூலி. அதில் கை வைக்க மனமில்லை. ஆனாலும் அந்த வார்த்தைக்குள் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பத்து, பதினைந்து வருடம் கழித்து அந்தப் பிள்ளைதான் விலை கொடுக்க வேண்டிவரும்.

பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நூறில் ஒன்று இருதய அமைப்பில் ஏதோவொரு கோளாறோடு பிறக்கிறது. உலகெங்கும் கணக்கு இதுதான். வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் தீவகத்துக்கும் தனிக்கணக்கு இல்லை. சின்ன ஓட்டைகள் சில தாமாகவே மூடிக்கொள்ளும். சிலவற்றை அடைத்தால் காரியம் முடிந்தது. ஆனால் சிக்கலான கோளாறுகள் பலவற்றில் சத்திரசிகிச்சை ஒரு தொடக்கம்தான். அதன் பிறகு அந்த இருதயத்தை ஆயுள் முழுக்க அளந்துகொண்டே இருக்க வேண்டும். ‘பார்க்க வேண்டும்’ என்று எழுதாமல் ‘அளக்க வேண்டும்’ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு.

திரும்பி வரும் இரத்தம்

நீலம் பாரித்த பிள்ளைகளில் பலருக்கு இருக்கும் கோளாறுக்கு ஃபாலோ நாற்கோளாறு என்று பெயர். 1888-இல் பிரான்சின் மார்செய் நகர வைத்தியர் ஏத்தியென் ஃபாலோ அதை விவரித்து எழுதினார். இரண்டு இதயவறைகளுக்கும் நடுவிலுள்ள பிரிசுவரில் ஒரு ஓட்டை. வலது இதயவறையிலிருந்து நுரையீரலுக்குப் போகும் வழியில் ஒரு நெருக்கம். இடம் தள்ளி, ஓட்டையின் மேலே குந்தியிருக்கும் பெருநாடி. இவற்றோடு மல்லுக்கட்டித் தடித்துப்போன வலது இதயவறைச் சுவர். நுரையீரலுக்குப் போக வேண்டிய இரத்தம் வழி கிடைக்காமல், ஒட்சிசன் ஏறாமலே உடம்புக்குத் திரும்பிவிடும். அதுதான் நீலம்.

1944 நவம்பர் 29 அன்று அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், நுரையீரலுக்கு இரத்தம் போக ஒரு மாற்றுவழி அமைத்து, இப்படியான குழந்தை ஒன்றுக்கு முதல் நிவாரணம் கொடுத்தார்கள். ஹெலன் டோசிக் யோசித்தார். அல்ஃபிரட் பிளேலொக் கத்தி பிடித்தார். அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னவர் விவியன் தோமஸ் என்ற கறுப்பின ஆய்வுகூட உதவியாளர். வைத்தியக் கல்லூரியில் படிக்க வசதி வாய்க்காத அந்த மனிதரின் பெயர் பல காலம் அந்தக் கதையில் சேர்க்கப்படவேயில்லை. 1954-இல் மினியாபொலிசில் வோல்டன் லில்லஹை முழுச் சீரமைப்பையே செய்து காட்டினார். இன்று கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் நம் பிள்ளைகளுக்குச் செய்யப்படுவதும் அந்த வழியில் வந்த சத்திரசிகிச்சைதான். ஓட்டைக்கு ஒட்டுப் போடுகிறார்கள். நெருக்கத்தை வெட்டி அகலமாக்குகிறார்கள்.

சிக்கல் அந்த அகலமாக்கலில் இருக்கிறது. நெருக்கம் பெரும்பாலும் வால்வு வரைக்கும் போயிருக்கும். வழி திறக்க வேண்டுமென்றால் வால்வின் வளையத்தையே வெட்டி ஒட்டுப் போட வேண்டிவரும். உயிர் பிழைக்கும். ஆனால் அந்த வால்வு அதன் பிறகு சரியாக மூடாது. மேலே தள்ளிய இரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் கீழே திரும்பிவரும்.

வற்றாத நதியில்லாத நம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் பயிர் வளர்த்தோம். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: இறைத்த தண்ணீரில் பாதி வாய்க்காலுக்குப் போகாமல் கிணற்றுக்குள்ளேயே திரும்ப ஊற்றினால் என்ன செய்வார்கள்? தோட்டம் காயாமல் இருக்க இரண்டு மடங்கு நேரம் இறைப்பார்கள். தோட்டம் பச்சையாகத்தான் தெரியும். இறைப்பவனின் தோள்தான் தேயும். வலது இதயவறையின் கதையும் இதுதான். திரும்பிவரும் இரத்தத்துக்கும் இடம் கொடுக்க அது கொஞ்சம் கொஞ்சமாக வீங்கும். பிள்ளை பாடசாலைக்குப் போகும், கிரிக்கெட் விளையாடும், ஒரு குறையும் சொல்லாது. பெற்றோர் கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிடுவது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். பிள்ளை நல்ல சுகமாகத்தானே இருக்கிறது!

பாண் துண்டும் இருதயமும்

கிளினிக்கில் நாம் வழமையாகக் காண்பது எக்கோ. நெஞ்சில் களிம்பு தடவி, கருவியை வைத்து, ஒலி அலையால் இருதயத்தைப் பார்ப்பது. மலிவானது, விரைவானது, கட்டிலருகே கொண்டுவரக்கூடியது. முதலில் கோளாறைக் கண்டுபிடிப்பதற்கும் வருடாவருடம் பார்ப்பதற்கும் அதுவே அடிப்படை. அதை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் வலது இதயவறை ஒரு குழப்படிக்காரன். இடது இதயவறை ஏறக்குறைய முட்டை வடிவம். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தாலே கனவளவைக் கணக்கிட்டுவிடலாம். வலதுபக்க அறையோ பிறைபோல இடதைச் சுற்றி வளைந்து கிடக்கிறது. போதாக்குறைக்கு நெஞ்செலும்புக்கு நேர் பின்னால் ஒளிந்திருக்கிறது. எலும்பையும், நுரையீரலின் காற்றையும், பழைய சத்திரசிகிச்சையின் தழும்பையும் தாண்டி ஒலி அலை ஒழுங்காகப் போகாது. பிள்ளை வளர வளர இது இன்னும் மோசமாகும். ‘கொஞ்சம் வீக்கம்’, ‘நடுத்தர வீக்கம்’ என்று எக்கோவில் எழுதலாம். போன வருடத்து ‘நடுத்தரம்’ இந்த வருடத்து ‘நடுத்தர’த்தைவிட எவ்வளவு சிறியது என்று கேட்டால் பதில் இல்லை.

இங்கேதான் இருதய எம்.ஆர்.ஐ. வருகிறது. ஒரு றாத்தல் பாணைத் துண்டு துண்டாக வெட்டுவதுபோல, காந்தப்புலமும் வானொலி அலையும் கொண்டு இருதயத்தை அடியிலிருந்து நுனிவரை எட்டு மில்லிமீற்றர் அளவான துண்டுகளாகப் படம் பிடிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் அறையின் உள்விளிம்பைக் கோடிட்டுப் பரப்பைக் கண்டு, தடிப்பால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் முழு அறையின் கனவளவு வந்துவிடும். பாணின் வடிவம் எப்படிக் கோணினாலும் கணக்குப் பிழைக்காது. பிறை வடிவம் இனி ஒரு தடையே இல்லை. நம் பள்ளிக்கூடக் கணிதம்தான். அதைத் துடித்துக்கொண்டிருக்கும் ஒரு சின்ன இருதயத்தின்மேல் செய்துகாட்டுவதுதான் அற்புதம்.

துடிப்பதை எப்படிப் படம் பிடிப்பது? நெஞ்சில் ஒட்டிய மின்வாய்கள் ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்தையும் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். பல துடிப்புகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரே துடிப்பின் அசைபடமாக இயந்திரம் அதைக் கோக்கிறது. இரத்த ஓட்டத்தையும் அது அளக்கும். நகரும் இரத்தம் தரும் சமிக்ஞை நிற்கும் தசை தருவதிலிருந்து மாறுபடுவதை வைத்து, ஒரு துடிப்பில் நுரையீரல் நாடி வழியே எத்தனை மில்லிலீற்றர் போனது, எத்தனை திரும்பி வந்தது என்று சொல்லிவிடும். எக்ஸ்றே கதிர் ஏதும் இல்லை. ஆயுளில் பத்துத் தடவை ஸ்கேன் செய்ய வேண்டிய பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்.

ஒரு பிள்ளையைக் கற்பனை செய்துகொள்வோம். ஏழு வயதில் எடுத்த ஸ்கேனில், அவனது வலது இதயவறை நிரம்பிய நிலையில், உடற்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு 124 மில்லிலீற்றர். பத்து வயதில் மறுபடி எடுக்கிறார்கள். இப்போது உடற்பரப்பு 1.1 சதுர மீற்றர். அறை நிரம்பும்போது 176 மில்லிலீற்றர், சுருங்கிய பிறகு 92. வகுத்துப் பார்த்தால் நிரம்பிய அளவு 160, சுருங்கிய அளவு 84. ஒரு துடிப்பில் மேலே தள்ளுவது 84 மில்லிலீற்றர். அதில் 34 திரும்பிவிடுகிறது. நுரையீரலுக்கு மெய்யாகச் சேர்வது 50 மட்டும். உழைப்பில் 40 வீதம் வீண். பையனோ நேற்றும் விளையாட்டுப் போட்டியில் ஓடினான்.

இந்த எண்களைச் சும்மா எடுக்கவில்லை. நிரம்பிய அளவு 150, 160-ஐத் தாண்டினால், சுருங்கிய அளவு 80-ஐத் தாண்டினால், புதிய வால்வு வைப்பதைப் பற்றி வைத்தியர்கள் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அந்த எல்லையை மிகவும் தாண்டிப் போன அறை, வால்வு மாற்றிய பிறகும் பழைய அளவுக்குச் சுருங்குவதில்லை என்று பல நாடுகளின் அனுபவம் சொல்லியிருக்கிறது. அப்படியானால் முதல் நாளே வால்வு வைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேயும் பொறி இருக்கிறது: செயற்கையாகப் பொருத்தும் வால்வுகள் என்றென்றைக்குமானவை அல்ல, பிள்ளைகளில் இன்னும் விரைவாகப் பழுதாகும். அவசரப்பட்டால் ஆயுளில் ஒரு சத்திரசிகிச்சை கூடும். தாமதித்தால் தசை மீளாது. ‘எப்போது?’ என்ற ஒரே கேள்விக்குள் அந்தப் பிள்ளையின் நாற்பது வயதும் ஐம்பது வயதும் இருக்கின்றன. எண்ணை மட்டும் வைத்து எந்த நல்ல வைத்தியரும் முடிவெடுக்க மாட்டார். ஓட வைத்துப் பார்ப்பார், மின்வரைபடம் பார்ப்பார், பெற்றோரிடம் கேட்பார். ஆனால் எண் இல்லாமல் முடிவெடுப்பது இருட்டில் கிணறு தாண்டுவது.

“மூச்சை வெளியில விடு, அப்பிடியே பிடி”

இந்த ஸ்கேன் பிள்ளைக்குச் சுகமான அனுபவம் என்று சொல்ல முடியாது. முக்கால் மணியோ ஒரு மணியோ ஒரு குழாய்க்குள் அசையாமல் கிடக்க வேண்டும். இயந்திரம் தகரக் கூரையில் சம்மட்டியால் அடிப்பதுபோல இடிக்கும். காதுக்குப் பாதுகாப்புப் போடுவார்கள். அதன் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறக்குறைய 30,000 மடங்கு பலமானது. தாயின் கொண்டையூசியும் தகப்பனின் திறப்புக் கோர்வையும் வெளியிலேயே இருக்க வேண்டும். சில மாதக் குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து, இதமாகச் சுற்றிக் கிடத்தினால் தூக்கத்திலேயே வேலை முடிந்துவிடும். ஏழெட்டு வயதைத் தாண்டிய பிள்ளை, முன்கூட்டியே நிதானமாகச் சொல்லிப் பழக்கினால், தானாகவே கிடக்கும். இவற்றுக்கு இடைப்பட்ட வயதுப் பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டும். அதற்குத் தனியாக மயக்க மருந்து வைத்தியர் வேண்டும், காந்தத்துக்கு இழுபடாத கருவிகள் வேண்டும்.

விழித்திருக்கும் பிள்ளைக்கு வேறொன்று வேண்டும். அதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் பத்துப் பதினைந்து செக்கன் மூச்சைப் பிடிக்க வேண்டும். பல இடங்களில் மூச்சை வெளியே விட்ட நிலையில் பிடிக்கச் சொல்வார்கள். அப்போதுதான் இருதயம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிற்கும். ஒலிபெருக்கியில் வரும் அந்தக் குரலைப் பிள்ளை விளங்கிக்கொள்ள வேண்டும். “மூச்சை உள்ளுக்கு எடு... வெளியில விடு... அப்பிடியே பிடி...” பருத்தித்துறையிலிருந்து போன ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தக் குரல் அதன் அம்மாவின் மொழியில் வந்தால், துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தும். விளங்காத மொழியில் வந்தால் பிள்ளை பயந்து மூச்சுவிடும்; படம் கலங்கும்; எண் பிழைக்கும். மொழியுரிமை என்பது அரச அலுவலகப் படிவத்தோடு நின்றுவிடும் விடயமல்ல. சில வேளை அது ஒரு வால்வு எப்போது மாற்றப்பட வேண்டும் என்பதிலேயே போய் நிற்கிறது.

இந்தச் சிரமங்களைக் குறைக்க வழி தேடுபவர்களும் இருக்கிறார்கள். லண்டனில் 2003-ஆம் ஆண்டளவில், எக்ஸ்றேயின் உதவியைக் குறைத்து, எம்.ஆர்.ஐ. படத்தையே வழிகாட்டியாகக் கொண்டு இருதயத்துக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் முறையை றேசா றசாவியின் குழு பிறவிக் கோளாறுள்ளோரிடம் செய்து காட்டியது. ‘லான்செட்’ இதழில் வந்த அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் விவேக் முத்துரங்கு. பிறகு கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலையோடு சேர்ந்து அவரும் அவருடைய சகாக்களும் ஸ்கேனை விரைவாக்குவதில், பிள்ளை மூச்சைப் பிடிக்காமலே படம் எடுப்பதில் உழைத்து வருகிறார்கள். அது எல்லா இடத்துக்கும் பரவும் நாளில் மொழிப் பிரச்சினையும் பாதி தீரும். கொச்சியில் அம்ரிதா வைத்தியசாலையின் மகேஷ் கப்பணாயில் போன்றோர் ஸ்கேன் படங்களிலிருந்து பிள்ளையின் இருதயத்தை முப்பரிமாணமாக அச்சிட்டு, சத்திரசிகிச்சை வைத்தியர் அதைக் கையில் புரட்டிப் பார்த்துவிட்டுக் கத்தி எடுக்கும்படி செய்திருக்கிறார்கள்.

மொழி என்றதும் மானிப்பாய் நினைவுக்கு வராமல் போகாது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், நம் பிள்ளைகளுக்கு மேற்கத்தைய வைத்தியத்தை மானிப்பாயில் தமிழிலேயே படிப்பித்தார். கிறேயின் உடற்கூற்று நூலை ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று 1872-இல் தமிழில் கொண்டுவந்தார். அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். நூற்றைம்பது வருடத்துக்கு முன் இருதயத்தைத் தமிழில் விளக்கிய அதே மண்ணில், இன்று ஒரு தாயின் கையில் ஆங்கிலச் சுருக்கெழுத்துகள் நிறைந்த அறிக்கை இருக்கிறது. அவளுக்கு விளங்குவது தன் பிள்ளையின் பெயர் மட்டும். இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கொப்பி தொலைந்தவர்கள்

குடாநாட்டுக்கென்று ஒரு தனிக்கதை உண்டு. போர் நடந்த 1990-களின் முற்பகுதியில் கொழும்புக்குப் போவதென்றால் இரவில் கிளாலிக் கடலைப் படகில் தாண்ட வேண்டும். 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு கப்பலும் விமானமும்தான் வழி. அந்தக் காலங்களில் மடியில் நீலம் பாரித்த குழந்தையோடு பயணப்பட்ட தாய்மார் இந்த ஊர்களில்தான் இருக்கிறார்கள். அப்போது சத்திரசிகிச்சை நடந்த குழந்தைகள் இன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறார்கள்.

அவர்களில் பலரிடம் கிளினிக் கொப்பி இல்லை. 1995 அக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நடந்தபோது வீட்டோடு போனது. அல்லது வன்னியில் ஏதோ ஒரு தரப்பாளுக்குள் மழையில் கரைந்தது. எந்த ஒட்டு, எந்த வால்வு, எந்த நாடியில் தையல் என்று சொல்லக் காகிதம் இல்லை. நெஞ்சின் நடுவில் ஒரு தழும்பு மட்டும் உண்டு.

எம்.ஆர்.ஐ.யில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான். காகிதம் தொலைந்தாலும் இருதயத்துக்குள் எழுதியது தொலைவதில்லை. ஒட்டுப் போட்ட இடம், அகலமாக்கிய வழி, பழைய மாற்றுவழிக் குழாய், பக்கவாட்டில் நெருங்கிப்போன நுரையீரல் நாடிக் கிளை, சாயம் ஏற்றிப் பார்த்தால் தசையில் விழுந்த வடு என்று முழு வரலாற்றையும் அது வாசித்துச் சொல்லும்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சம்பந்தம் பேசும்போது தழும்பை மறைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது; மறைப்பதற்காகவே கிளினிக்குக்குப் போவதையும் நிறுத்திவிடுகிறார்கள். கர்ப்பம் என்பது இருதயத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேலை. இலங்கையில் தாய்மார் இறப்புக்கான முக்கிய காரணங்களில் இருதய நோயும் ஒன்று. தாங்கக்கூடிய வலது இதயவறையா, தளர்ந்த வலது இதயவறையா என்பதைத் திருமணத்துக்கு முன்பே அளந்து வைத்துக்கொண்டால் பெரும்பாலான பெண்கள் வைத்தியரின் கண்காணிப்பில் நலமாகப் பிள்ளை பெறலாம். மறைத்தால் அந்த வாய்ப்பையே மறைக்கிறோம்.

யாழ்ப்பாணத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், பலரும் முதலில் இயந்திரத்தைச் சொல்வார்கள். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் சங்கங்களும் இயந்திரம் வாங்கித் தரத்தான் விரும்பும், பெயர்ப்பலகை வைக்கலாம். ஆனால் எம்.ஆர்.ஐ. இயந்திரம் இருப்பது வேறு, அதில் பிள்ளையின் இருதயத்தை அளக்கத் தெரிந்தவர் இருப்பது வேறு. பிறவிக் கோளாறுகளை அறிந்து, ஸ்கேன் நடக்கும்போதே அருகிலிருந்து அடுத்த துண்டு எந்தக் கோணத்தில் என்று சொல்லும் வைத்தியர் ஒருவர் வேண்டும். இருதயப் படங்களில் பழகிய கதிர்ப்படப்பிடிப்பாளர் வேண்டும். சிறுவர் மயக்க மருந்து வைத்தியர் வேண்டும். 2022-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போன வைத்தியர்களின் தொகையை நினைத்தால் இந்தப் பட்டியலே பயமுறுத்துகிறது. இயந்திரத்துக்குச் சேர்க்கும் காசில் ஒரு பங்கை, இரண்டு இளம் வைத்தியர்களை இரண்டு வருடம் பயிற்சிக்கு அனுப்பித் திரும்பிவரச் செய்வதற்கு ஒதுக்கினால் அது பல இயந்திரங்களின் ஆயுளைத் தாண்டியும் நிற்கும். 1850-இல் நண்பர்கள் உதவிச் சங்கத்தின் சிறு ஆஸ்பத்திரியாகத் தொடங்கி இன்று போதனா வைத்தியசாலையாக நிற்கும் நம் பெரியாஸ்பத்திரியும் 1978-இல் தொடங்கிய வைத்திய பீடமும் ஆட்களை உருவாக்கித்தான் நிலைத்தன.

அதுவரை கொழும்புப் பயணம் தொடரும். ஏறக்குறைய 400 கிலோமீற்றர், இரண்டு நாள் சம்பளம், தங்குவதற்கு ஒரு சொந்தக்காரர் வீடு. ஆகவே போகிற பயணம் வீணாகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. சத்திரசிகிச்சை நடந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் இதைக் கேளுங்கள்: “ஐயா, பிள்ளையின்ர வலது பக்க அறை இப்ப எவ்வளவு? போன முறை எவ்வளவு?” எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அந்த எண்ணை, திகதியோடு, பிள்ளையின் உயரமும் நிறையும் எழுதிய பக்கத்திலேயே எழுதுங்கள். கொப்பியைக் கைபேசியில் படம் பிடித்து, வெளிநாட்டிலிருக்கும் மாமாவுக்கோ சித்திக்கோ ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். கொப்பிகள் தொலைந்த ஊர் இது. எடுக்கவில்லை என்றால், எப்போது எடுக்க வேண்டும் என்று கேட்டு, அந்த மாதத்தையும் வருடத்தையும் எழுதிவிட்டு, எண்ணுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுவையுங்கள்.